தைவான்ல வாட்ஸ்அப் புரளி மாதிரி விஷயத்தை எப்படிச் சமாளிக்கிறாங்க? ஸ்கூல் கூட்டத்துக்காகக் கேட்கிறேன்

நொய்யல்கரை டீச்சர்:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்க வகுப்புகள்ல பீகார், ஒடிசாப் பிள்ளைங்க நிறையப் பேர். அப்பா அம்மா ரெண்டு பேரும் பனியன் கம்பெனிதான்: செக்கிங், பேக்கிங், அயர்னிங், சிலர் டெய்லர். பிள்ளைங்க கொங்குத் தமிழை எங்களைவிட நல்லாவே பேசும்.

2023 மார்ச் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல பீகார்காரங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வடக்க வீடியோ பரவுச்சு. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு தானே வீடியோவுல வந்து மறுத்தார். பரவுனதுல ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளிங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட சண்டை, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்க சண்டைன்னு விளக்கினார். பீகார்ல இருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துட்டுப் போச்சு. ஆனா அதுக்குள்ள ஊர்ல இருந்து பெத்தவங்க அழுதுக்கிட்டே போன். ஹோலிக்குப் போறவங்களும் பயந்து போறவங்களும் ஒரே ரயில்ல ஏறினாங்க. எங்க பையன் ஒருத்தன் "மிஸ், இது நம்ம ஊர்லயா நடக்குது?"ன்னு போனைக் காட்டினான். வீடியோவுல தெரிஞ்ச கடை போர்டு எல்லாம் தெலுங்கு. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், அதனால கேட்டான். அவங்க அம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இப்போ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல "பொய்ச் செய்தி" பத்தி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க. கைக்குக் கிடைச்ச பிபிடி எல்லாம் ஒரே மாதிரி: படத்தை உத்துப் பாருங்க, கூகுள்ல தேடுங்க, யோசிச்சு ஷேர் பண்ணுங்க. ஷிப்ட் முடிச்சு வர்றவங்க யாரும் செய்யப்போறது இல்லைங்க. ஒரு பயிற்சி வகுப்புல, உலகத்துலயே வெளிநாட்டுப் பொய்ப் பிரச்சாரம் அதிகமா வாங்குறது தைவான், ஆனா அங்க சமாளிக்கிறாங்கன்னு சொன்னாங்க. அங்க இருக்கிற தமிழர்கள் யாராவது, சாதாரண சனங்க வீட்டுல என்ன செய்யுறாங்கன்னு சொன்னா உபயோகமா இருக்கும். அரசாங்கத் திட்டம் பேரெல்லாம் வேண்டாம்.

ஷின்ச்சு வாசி:

டீச்சர், நான் தைவான்ல ஷின்ச்சு ஊர்ல இருக்கேன். சிப் ஃபேக்டரிகளுக்கு மெஷின் பராமரிக்கிற வேலை. மனைவி இந்த ஊர்ப் பொண்ணு. அதனால மாமியார் வீட்டு லைன் குரூப்ல நானும் ஒரு உறுப்பினர். இங்க வாட்ஸ்அப் அவ்வளவாப் புழக்கம் இல்லை, எல்லாம் லைன்ங்கிற ஆப்தான். நீங்க கேட்ட "வீட்டுல என்ன செய்யுறாங்க"ங்கிறதுக்கு அந்த குரூப்தான் என் ஆய்வுக்கூடம்.

முதல்ல, சமாளிச்சுட்டாங்கன்னு சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. ஸ்வீடன்ல கோதன்பர்க் பல்கலைக்கழகத்தோட வி-டெம் ஆய்வு, வெளிநாட்டுப் பொய்த் தகவலுக்கு அதிகம் ஆளாகிற இடம்னு பல வருஷமா தைவானை முதல்ல வெச்சிருக்கு. அது நிபுணர்கள்கிட்டக் கேட்டுப் போடுற மதிப்பீடு. ஆனா இங்க இருந்து பார்த்தா எனக்கு ஆச்சரியமா இல்லை.

இவங்க பட்ட பெரிய அடி 2018 செப்டம்பர்ல. ஜப்பான்ல ஜெபி புயல் அடிச்சு ஒசாகாவோட கன்சாய் விமான நிலையம் தண்ணியில மூழ்குச்சு. பாலத்துல ஒரு கப்பல் மோதினதால பயணிகள் உள்ளேயே மாட்டிக்கிட்டாங்க. உடனே ஒரு செய்தி: சீனத் தூதரகம் பஸ் அனுப்பி தன் ஆட்களை மீட்டுட்டுது, "நானும் சீனன்"னு ஒத்துக்கிட்டா தைவான்காரங்களும் ஏறலாம்னு. நிஜத்துல விமான நிலையத்துக்குள்ள சீனத் தூதரகப் பஸ் எதுவும் போகலை. எல்லாரையும் வெளியே கொண்டுவந்தது விமான நிலைய ஏற்பாட்டு பஸ்ஸும் படகும்தான். ஆனா தைவான் டிவியில, ஒசாகாவுல தூதரகம் மாதிரி வேலை செய்யுற தைவான் அலுவலகத்தைப் பத்தி "நம்ம அலுவலகம் தூங்குதா?"ன்னு ஒரே கூச்சல். பத்து நாள்ல ஒசாகா தைவான் அலுவலகத் தலைவர் தற்கொலை செஞ்சுக்கிட்டார். காரணம் புரளியா, மேலிடத்து நெருக்கடியான்னு இன்னைக்கும் வாதம் நடக்குது. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு: கதை சீன இணையதளங்கள்ல ஓடுச்சு, சரி. ஆனா அந்த அலுவலகத்தைத் திட்டித் தீர்த்த பதிவுகளுக்காக தைவான்லயே ஒரு ஆள் மேல வழக்குப் போட்டாங்க. வெளிக்கை எது, உள்கை எதுன்னு பிரிக்கிறது அவ்வளவு சுலபம் இல்லை.

சரி, வீட்டு விஷயம். இங்க கோஃபேக்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு. 2016ல தன்னார்வ நிரலாளர்கள் ஆரம்பிச்சது, அரசாங்கத்தோடது இல்லை. லைன்ல அதை நண்பராச் சேர்த்துக்கிட்டு, சந்தேகமான ஃபார்வர்டை அப்படியே அனுப்பினா போதும். முன்னாடியே யாராவது பதில் எழுதியிருந்தா உடனே வரும். இல்லைன்னா வரிசையில போய் உட்காரும், யாராவது தன்னார்வலர் தேடிப் பார்த்து ஆதாரத்தோட எழுதுவார். ஒரே செய்திக்கு ரெண்டு மூணு பேர் வேற வேற மாதிரிப் பதில் எழுதியும் இருப்பாங்க, எல்லாமே தெரியும். இந்தத் தரவுத்தளத்தை வெச்சு இன்னொருத்தர் "மெய்யூ அத்தை"ன்னு ஒரு பாட் (தானாவே பதில் போடுற நிரல்) செஞ்சார். அதைக் குடும்ப குரூப்ல சேர்த்துட்டா, யாராவது பொய் ஃபார்வர்டு போட்டதும் அத்தையே பதில் போட்டுடுவா.

எங்க மச்சான் சேர்த்து வெச்சான். கொஞ்ச நாள் அருமையா ஓடுச்சு. வெங்காயத்தை வெட்டி வெச்சா விஷமாகும், எலுமிச்சை வெந்நீர் கேன்சரைக் கொல்லும் (ஆமா, அதே சரக்கு இங்கேயும்), எல்லாத்துக்கும் அத்தை பதில். இதுல லாபம் என்னன்னா, பெரியவர் போட்டதைச் சின்னவன் மறுத்துப் பேச வேண்டியது இல்லை. மூத்த மாமா முன்னாடி வாயைத் திறக்காத எங்க மச்சானுக்கு அத்தை வக்கீல். அப்புறம் ஒருநாள் அத்தை மூத்த மாமாவோட அரசியல் ஃபார்வர்டுக்கே பதில் போட்டா. மாமா அத்தையைக் குரூப்ல இருந்து தூக்கிட்டார். அதோட சரி. பாட் நல்ல கருவிதான், ஆனா அது உள்ளே இருக்கணும்னா வீட்டுப் பெரியவர் சம்மதம் வேணும்.

அரசாங்கம் பதில் சொல்ற விதத்தையும் கொஞ்சம் சொல்லிடறேன். நீளமா அறிக்கை விடாம, தலைப்பு 20 எழுத்து, விளக்கம் 200 எழுத்து, படம் 2, சில மணி நேரத்துக்குள்ள போட்டுடணும்னு வெச்சிருந்தாங்க. 2020 பிப்ரவரியில, மாஸ்க் செய்யுறதுக்கே மூலப்பொருள் எல்லாம் போகுது, டிஷ்யூ பேப்பர் தீர்ந்துடும்னு புரளி. சூப்பர் மார்க்கெட் ரேக் காலி. பிரதமர் சூ செங்-சாங் தன் பின்புறத்தை ஆட்டுற மாதிரி கார்ட்டூன் போட்டு, "நம்ம ஒவ்வொருத்தருக்கும் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்"னு எழுதினார். கீழே சின்னப் பட்டியல்: டிஷ்யூவுக்குக் கூழ் தென் அமெரிக்காவுல இருந்து வருது, மாஸ்க் துணி உள்ளூர்ல செய்யுறது, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை. புரளியைவிட அந்தக் கார்ட்டூன் வேகமாப் போச்சு. எங்க மாமியாரே எனக்கு அனுப்பினாங்க.

ஆனா டீச்சர், என்னைக் கேட்டா அந்த அத்தையும் கார்ட்டூனும் இரண்டாம் பட்சம். நான் பார்த்து அசந்தது ஓட்டு எண்ணிக்கை. 2024 ஜனவரி 13 அதிபர் தேர்தல். சாயங்காலம் 4 மணிக்கு ஓட்டுப் பதிவு முடியும், அதே அறையில, அதே நிமிஷம் எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. பெட்டி எங்கேயும் போகாது. காகித ஓட்டு. ஒருத்தர் சீட்டை எடுத்துத் தலைக்கு மேல தூக்கி, எல்லாருக்கும் தெரியற மாதிரிக் காட்டி, "ரெண்டாம் நம்பர், ஒரு ஓட்டு!"னு கத்துவார். இன்னொருத்தர் அதைத் திருப்பிச் சொல்லிக்கிட்டே சுவத்துல ஒட்டின பெரிய தாள்ல ஒரு கோடு போடுவார். அஞ்சு கோடு சேர்ந்தா ஒரு சீன எழுத்து. தெருவுல போறவன்கூட வாசல்ல நின்னு பார்க்கலாம், வீடியோ எடுக்கலாம். நானும் மனைவியோட போய், எங்க தெரு ஸ்கூல் வகுப்பறை வாசல்ல நின்னேன். பக்கத்துல ஒரு பாட்டி நாற்காலி கொண்டுவந்து போட்டு, சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டே கோட்டை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரியே மோசடி வீடியோக்கள் கிளம்பிடுச்சு. எண்ணுறவர் தப்பாச் சொல்லி அங்கேயே திருத்தினதை, திருத்தின பாகத்தை வெட்டிட்டுப் போட்ட கிளிப்பும் அதுல உண்டு. ஆனா அதே மாதிரி எண்ணிக்கையை நேர்ல பார்த்தவங்க ஒவ்வொரு தெருவுலயும் இருக்காங்க, கையில வீடியோவோட. நாடு முழுக்க 17,000க்கு மேல வாக்குச்சாவடி. "மோசடி"ன்னு ஒருத்தன் சொன்னா, "எந்தச் சாவடி, எந்த அறை?"ன்னு திருப்பிக் கேட்கிற சனம் இருக்கு. அந்தத் தேர்தலுக்கு முன்னாடி அப்போதைய அதிபர் சாய் இங்-வென் பத்தி "ரகசிய வரலாறு"ன்னு 300 பக்க மின்நூல் ஒண்ணு வந்து, அதை ஏஐ செய்தி வாசிப்பாளர்கள் வாசிக்கிற வீடியோக்கள் குவிஞ்சுது. அதுக்கு எதிரா யாரும் இப்படி நேர்ல போய் நின்னு பார்க்க முடியாது, இல்லையா. எண்ணிக்கைக்கு முடிஞ்சுது.

இனி உங்க ஊர்க் கதையோட நேரா ஒட்டுறது. 2023 நவம்பர்ல, தைவான் ஒரு லட்சம் இந்தியத் தொழிலாளர்களை எடுக்கப்போகுதுன்னு ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம் செய்தி போட்டுச்சு. ரெண்டு அரசாங்கமும் பேசிக்கிட்டு இருந்தது உண்மை. ஒரு லட்சம்ங்கிற எண்ணைத் தொழிலாளர் துறை மறுத்துது. ஆனா இணையத்துல பத்திக்கிச்சு: இந்தியர்கள் வந்தா பொண்ணுங்க ரோட்டுல நடக்க முடியாது, தீவே நாசமாகும்னு. புதுசா ஆரம்பிச்ச கணக்குகள், ஒரே வாசகம் திரும்பத் திரும்ப. டிசம்பர் தொடக்கத்துல தைபேயில அதிபர் மாளிகை முன்னாடி ஆர்ப்பாட்டமே நடந்துச்சு. பின்னாடி சீனாவோட கை இருக்குன்னு அதிகாரிகள் தரப்புல சந்தேகம் சொன்னாங்க. இருக்கலாம். தேர்தல் நேரம், இந்தியா உறவு, ரெண்டு காரணமும் பொருந்துது. ஆனா டீச்சர், அந்தப் பயம் இறக்குமதி இல்லை. கறுத்த தோல்காரன் லிஃப்டுல ஏறினா பையை இழுத்துப் பிடிக்கிற பழக்கம் இங்க முன்னாடியே உண்டு. மறு வருஷம் பிப்ரவரியில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுக்கப்புறம் தொழிலாளர் அமைச்சரே, வடகிழக்கு இந்தியர்கள் தோல் நிறத்துலயும் சாப்பாட்டுலயும் நமக்குக் கிட்ட வருவாங்க, அவங்களை முதல்ல எடுப்போம்னு சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டி வந்துச்சு. பொய் பரப்புறவன் புதுசா எதையும் நட வேண்டியது இல்லை, ஏற்கெனவே இருக்கிற விரிசலைத் தேடிக் கண்டுபிடிச்சாப் போதும்.

எங்க மாமியாரோட கோயில் யாத்திரை குரூப்லயும் அந்த ஃபார்வர்டு வந்துச்சு. துறை போட்ட மறுப்புப் படத்தை யாரோ போட்டாங்க, ஒருத்தரும் கண்டுக்கலை. அப்புறம் மாமியார் எழுதினாங்க: "எங்க மருமகன் இந்தியாக்காரன்தான். எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியில ராத்திரி என் கட்டில் பக்கத்துல படுத்தது அவன்தான். உங்க பிள்ளைங்க யாராவது அப்படிப் படுத்தாங்களா?" குரூப் அமைதி. நம்பினாங்களா, பயந்து பேசாம இருந்தாங்களான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் அதுக்கப்புறம் அங்க வரலை.

அதனால, பிபிடியைத் தூக்கிப் போட்டுட்டு உங்க ஊர்ல அந்த மாமியார் யார்னு தேடுங்க.

பழைய நிருபர்:

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. "வெளிநாட்டுச் சதி"ங்கிற முத்திரை அரசாங்கங்களுக்கு ரொம்ப வசதியானது. விவசாயி போராடினாலும் வெளிநாட்டுச் சதி, மீனவர் போராடினாலும் வெளிநாட்டுச் சதி. எது பொய்னு அரசாங்கமே தீர்ப்புச் சொல்ற ஏற்பாட்டை நான் ஏத்துக்க மாட்டேன். ஒன்றிய அரசு தன்னைப் பத்தின செய்திக்குத் தானே உண்மை சரிபார்ப்புக் குழு வெச்சுக்கிற விதியை பாம்பே உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பர்ல ரத்து செஞ்சுது. தமிழ்நாட்டிலயும் மாநில அரசு ஒரு குழு அமைச்சுது, அதுக்கும் இதே கேள்வி பொருந்தும். தைவான்ல இந்தப் பிரச்சினை இல்லையா?

ஷின்ச்சு வாசி:

இருக்கு சார், நிறையவே. 2022ல இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்ட வரைவு கொண்டுவந்தாங்க. பொய்னு சொல்லப்படுற பதிவுகள்ல எச்சரிக்கைக் குறி போட வைக்கிற பிரிவெல்லாம் அதுல இருந்துச்சு. சனங்க கத்தின கத்துல சில வாரத்துலயே நிறுத்தி வெச்சுட்டாங்க. 2020ல ஒரு செய்திச் சேனலுக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்ததும் இன்னைக்கு வரைக்கும் சண்டைதான். 2023ல ஒரு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செஞ்சுது. சேனல் அதுக்குள்ள யூடியூப்ல போய் உட்கார்ந்து முன்னைவிட நல்லா சம்பாதிக்கிறதாப் பேச்சு. தேர்தல்ல வெளிநாட்டுக் காசு வாங்கி வேலை செய்யுறதைத் தடுக்க 2020 ஜனவரியில இருந்து ஊடுருவல் தடுப்புச் சட்டம் இருக்கு. அது பணத்தையும் உத்தரவையும் பிடிக்கிற சட்டம், கருத்தைப் பிடிக்கிறது இல்லைன்னு சொல்றாங்க. என் கணக்குல, காசு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு அரசாங்கம் தேடட்டும். சொன்னது பொய்யா நிஜமான்னு பார்க்கிறதைக் கோஃபேக்ட்ஸ் மாதிரி ஆட்கள்கிட்ட விட்டுடணும்.

மலைநாட்டான்:

டீச்சர், நான் கண்டிப் பக்கம். எங்கட கதையையும் கேளுங்கோ. 2018 பெப்ரவரி கடைசியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, கறிக்குள்ள கருத்தடை மாத்திரை போட்டிருக்கு எண்டு சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கு வந்தார். காசாளருக்கு வடிவாச் சிங்களம் விளங்காது, அவற்ற மொழி தமிழ். சுத்திக் கூட்டம் நிண்டு வெருட்டக் கேட்ட கேள்விக்கு ஓம் எண்ட மாதிரித் தலையாட்டிப்போட்டார். அது வீடியோ. அரசாங்கப் பகுப்பாய்வில அது வெறும் மாக்கட்டி எண்டுதான் வந்தது. ஆனா அந்த வீடியோ ஒரு கிழமைக்குள்ள நாடு முழுக்கப் போயிற்றுது. மார்ச்சில எங்கட கண்டிப் பக்கத்துத் திகனவில கடையும் வீடும் பள்ளிவாசலும் எரிஞ்சது.

அரசாங்கம் அவசரகால நிலையைப் போட்டு, முகநூல், வாட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் ஒரு கிழமையளவு மறிச்சது. பெடியள் விபிஎன் போட்டு உள்ளுக்க போனாங்கள். மறிச்சதால நடந்தது, எங்கட அக்கா உயிரோட இருக்கிறாவா எண்டு கேக்க எங்களுக்கு வழியில்லாமப் போனதுதான். முகநூல் நிறுவனம் 2020இல மன்னிப்புக் கேட்டது. அந்த நேரம் சிங்களத்தில வாற வெறுப்புப் பதிவுகளை வாசிச்சு அகற்ற அவையிட்டப் போதிய ஆள் இருக்கேல்லை.

நான் சொல்ல வாறது என்னெண்டா, உங்கட கூட்டத்தைத் தமிழில வையாதேங்கோ. உங்களுக்கு அந்தச் சனத்தின்ர மொழியில ஒரு ஆள் வேணும், அதுவும் பிரச்சினை வர முந்தி. பொலிஸ் இந்தியில நம்பர் போட்டு நோட்டீஸ் ஒட்டினாலும், பயந்தவன் தெரிஞ்ச குரலைத்தான் தேடுவான்.

நொய்யல்கரை டீச்சர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மலைநாட்டான் அண்ணா சொன்ன காசாளர் விஷயம் மனசுல தங்கிடுச்சு. எங்க ஊர்ல அந்த "மாமியார்" யார்னு யோசிச்சேன். ஒரு பீகார் அண்ணன் இருக்கார், பதினஞ்சு வருஷத்துக்கு மேல இங்க. பவர்டேபிள் யூனிட்ல டெய்லரா வந்து இப்போ ஆள் கூட்டியாந்து விடுற காண்ட்ராக்டர். 2023ல ஊருக்குக் கிளம்பினவங்கள்ல பல பேரை ஸ்டேஷன்ல போய்ப் பேசி நிறுத்தினதும் அவர்தான்னு சொல்வாங்க. அவரைக் கூட்டத்துல இந்தியில பேசச் சொல்லப்போறேன். வகுப்பு வாரியா பெத்தோர் குரூப் இருக்கு, அதுல இந்திக்கும் ஒடியாவுக்கும் ஒவ்வொரு அம்மாவைப் பொறுப்பாப் போட்டு, ஏதாச்சும் வந்தா அவங்க குரல்ல வாய்ஸ் நோட்டு போடுறதுன்னு ஹெச்எம் கிட்டக் கேட்டிருக்கேன். சரின்னுட்டாங்க. உள்ளூர்ப் பெத்தவங்களும் அதே கூட்டத்துல உட்காரணும்னு மட்டும் நான் பிடிவாதமா இருக்கேன். விரிசல் இந்தப் பக்கமும்தானே இருக்கு. "இந்திக்காரனால வாடகை ஏறிப்போச்சு"ன்னு ஆரம்பிக்காத பேச்சே இங்க இல்லைங்க.

ஷின்ச்சு அண்ணா, இன்னும் ஒண்ணு. பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு பீரியட் இருக்கு. கோஃபேக்ட்ஸ்ல பதில் எழுதுறவங்க எப்படிப் பிரிக்கிறாங்க? உண்மை, பொய்னு ரெண்டுதானா?

ஷின்ச்சு வாசி:

நாலு, டீச்சர். தப்பான தகவல் இருக்கு, சரியான தகவல் இருக்கு, தனிப்பட்ட கருத்து இருக்கு, சரிபார்க்கிற வகையிலயே இல்லை. மூணாவதுதான் முக்கியம். "வாடகை ஏறிப்போச்சு" தகவல், பழைய ஒப்பந்தப் பத்திரம் எடுத்துப் பார்த்துடலாம். "அவங்களாலதான்"ங்கிறது கருத்து. பிள்ளைங்ககிட்ட அவங்க வீட்டு ஃபார்வர்டையே கொண்டுவரச் சொல்லி, நாலு அட்டைப்பெட்டியில பிரிச்சுப் போடச் சொல்லுங்க. ஒரு பனியன் கம்பெனியில கேட்டா பெட்டி சும்மாவே கொடுப்பாங்க. ஒரே செய்தியை ரெண்டு பிள்ளை வேற வேற பெட்டியில போட்டா திருத்தாதீங்க, ஏன்னு சண்டை போட விடுங்க. அந்தச் சண்டைதான் பாடமே.

நாலாவது பெட்டியை மட்டும் பெருசா வாங்குங்க. எங்க மாமியார் குரூப்ல பாதிக்கு மேல தாமரைப் பூவுல "காலை வணக்கம்" எழுதின படம்தான்.